உளி பிடித்த கைக்கும் ஒரு கடுதாசி வேண்டும்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, "செயற்கை நுண்ணறிவும் நாளைய இந்தியாவும்" என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அந்தத் தலைப்பில் ஏற்கெனவே ஆறு பேர் எழுதிவிட்டார்களாம். அதுவும் நல்லதுக்குத்தான். நான் சொல்ல வேண்டியது என் ஊரைப் பற்றி. என் பெரியப்பாவின் இருமலைப் பற்றி. அவரிடம் இல்லாத ஒரு கடுதாசியைப் பற்றி.

என் ஊர் மயிலாடி. சுசீந்திரத்துக்கும் அஞ்சுகிராமத்துக்கும் நடுவில் இருக்கிறது. நம் கல்லூரியில் பலருக்குப் பஸ்ஸில் போகும்போது பார்த்த ஊராகத்தான் தெரிந்திருக்கும். ரோட்டோரத்தில் பாதி முடிந்த பிள்ளையாரும், முகம் மட்டும் வந்த அம்மனும், வரிசையாகச் சாய்த்து வைத்த நாகரும் தெரிந்தால் மயிலாடி வந்துவிட்டது என்று அர்த்தம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனையோ கோயில்களில் நாம் கும்பிடுகிற சாமி எங்கள் ஊர்ப் பட்டறையில் உருவானது. 2023-ல் மயிலாடி கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி வேறு ஊரில் செய்த சிலைக்கு எங்கள் ஊர்ப் பேரைப் போட்டு விற்க முடியாது. சிலைக்குச் சட்டப்படி பாதுகாப்பு வந்துவிட்டது. நல்லது, மகிழ்ச்சி!

சிலையைச் செதுக்கியவனுக்கு?

பெரியப்பாவின் மூச்சு

என் பெரியப்பாவுக்கு வயது ஐம்பத்துநாலு. பதினாலு வயதில் உளி பிடித்தவர். அந்தக் காலத்தில் ஓர் ஆள் உயரக் கல்லை நாலு பேரோடு சேர்ந்து புரட்டிப் போட்டவர். இன்றைக்கு வீட்டிலிருந்து முக்குக் கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வர, வழியில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. யாராவது பார்த்தால் வேட்டியைச் சரி செய்வது போல நிற்பார். இளைப்பு என்று சொல்ல மாட்டார்.

"என்ன பெரியப்பா, இப்படி இருமுதிய?" என்று கேட்டால், "கல்லுப்பொடி மக்கா, அது எங்களுக்கு வெத்தில பாக்கு மாதிரி. பழகிட்டா ஒண்ணுஞ் செய்யாது" என்பார்.

ஒன்றும் செய்யாமலா இருந்தது? ஒரு மருத்துவமனையில் காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். முழுசாகச் சாப்பிட்டார். குறையவில்லை. இரண்டு வருஷம் கழித்து இன்னோர் இடத்தில் மறுபடியும் அதே மாத்திரை. சளியில் கிருமி இல்லை என்று சீட்டிலேயே எழுதியிருந்தது. இருந்தும் மாத்திரை! கடைசியில் வெளியூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முன்னால் யாரும் கேட்காத ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்: "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

அந்த ஒரு கேள்வியில்தான் நோயின் பேர் தெரிந்தது. சிலிகோசிஸ். தமிழில் சொன்னால் கல்தூசி நோய்.

தூசி என்ன செய்கிறது?

கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்கிறது. அது சிலிக்கா. கிரானைட் வகைக் கல்லில் இது ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே இருக்கும். கல்லை அறுக்கும்போதும் இழைக்கும்போதும் இது பொடியாகிறது. நம் கண்ணுக்குத் தெரிகிற பொடி பெரிய அபாயம் இல்லை. மூக்கில் தங்கும், தொண்டையில் தங்கும், காறித் துப்பினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் எமன். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் அடி ஆழம் வரை போகிற தூசி 5 மைக்ரானுக்கும் கீழே. அதைத் தின்று அழிக்க நம் உடம்பிலுள்ள காவல் செல்கள் ஓடி வரும். தின்ற செல் செத்துப்போகும். தூசி மட்டும் சாகாது. அடுத்த செல் வரும், அதுவும் சாகும். இப்படியே அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் செருப்புத் தோல் மாதிரி விறைத்துப் போகிறது. தழும்பை அழிக்க மருந்து கிடையாது. வேலையை விட்டுவிட்டாலும் நோய் கூடிக்கொண்டே போகலாம். இந்த நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். 1997-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருள்களில் சேர்த்தது.

அமெரிக்காவில் 2016-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். வேலை செய்கிற இடத்துக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் சிலிக்காதான் இருக்கலாம், எட்டு மணி நேரச் சராசரிக்கு. 50 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கிராமை இருபதாயிரம் பங்கு வைத்து அதில் ஒரு பங்கு! எங்கள் ஊர்ப் பட்டறையில் கிரைண்டர் ஓடும்போது எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரியப்பா முதல் பாதி வாழ்க்கை முழுக்க உளியும் சுத்தியலும்தான். உளி அடித்தால் சில்லு தெறிக்கும், பொடியும் வரும். ஆனால் பெரும்பகுதி கனமான பொடி, கீழே விழுந்துவிடும். அப்புறம் டைமண்ட் பிளேடு போட்ட கை மிஷின் வந்தது. பத்து நாள் வேலை மூன்று நாளில் முடிந்தது. வருமானம் கூடியது. கூடவே மாவு மாதிரி மிதக்கிற தூசியும் கூடியது. கையால் செதுக்கிய தலைமுறைக்கு நாற்பது வருஷத்தில் வந்த இருமல், மிஷின் தலைமுறைக்கு அதைவிடச் சீக்கிரம் வரும் என்றுதான் பயப்பட வேண்டியிருக்கிறது. பெரியப்பா மகன், என் தம்பி, பத்தொன்பது வயது. இப்போது அவன் கையில்தான் மிஷின்.

கப்பல்காரர்களிடம் கற்க வேண்டிய பாடம்

"சரி, இதற்கும் கடுதாசிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

வெப்பப் பொறியியல் வகுப்பில் பாய்லர் பாடம் நடந்தது. நீராவிக் குழாய்க்கு மேலே சூடு போகாமல் சுற்றுகிற உறை பற்றிச் சொல்லும்போது, பழைய காலத்தில் அதற்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று ஆசிரியர் சொன்னார். போர்க்கப்பல்களில் பாய்லர் அறை, டர்பைன், குழாய், கேஸ்கட் என்று எங்கு பார்த்தாலும் அதுதான் இருந்ததாம். நெருப்புக்கு அசையாத பொருள் கப்பலுக்கு வேறு கிடைக்கவில்லை. அந்தக் கப்பல்களில் வேலை பார்த்த ஸ்டோக்கர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இருபது, முப்பது, ஐம்பது வருஷம் கழித்து நுரையீரல் தழும்பும், மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோயும் வந்தன. தூசி வேறு, கதை ஒன்றுதான். வேலை செய்த காலத்தில் ஒன்றும் தெரியாது. பேரன் எடுக்கும் வயதில் கணக்கு வந்து நிற்கும்.

நான் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்கக் கடற்படையில் இருந்த ஒருவருக்கு இந்த நோய் வந்தால், முன்னாள் படைவீரர் துறை மாதாமாதம் இழப்பீடு கொடுக்கிறது. அவர் காட்ட வேண்டியது என்ன? நோய் உண்டு என்று டாக்டர் சான்று. எந்தக் கப்பலில், என்ன வேலையில் இருந்தார் என்ற பணிப் பதிவேடு. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்ற மருத்துவக் கருத்து. பிரிட்டனில் 1947-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, படையில் இருந்தவர் அரசின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாமல் தடுத்தது. 1987-ல்தான் அது மாறியது. அதற்கு முன்னால் தூசி குடித்தவர்களுக்கு அந்த மாற்றமும் உதவவில்லை. பழைய கடற்படைக்காரர்கள் விடாமல் போராடினார்கள். 2016 ஏப்ரல் முதல், மீசோதீலியோமா வந்த முன்னாள் வீரர் விரும்பினால் 1,40,000 பவுண்டை ஒரே தவணையாக வாங்கிக்கொள்ளலாம் என்று வழி பிறந்தது. நம் நாட்டிலும் படையில் இருந்தவருக்குப் பணியினால் நோய் வந்தது என்று நிறுவ முடிந்தால், அதற்கென்று தனி ஓய்வூதியம் உண்டு.

இந்தியக் கரைக்கும் அந்தத் தூசி ஒரு தடவை வரப் பார்த்தது. கிளமென்சோ என்ற பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக்க, 2005-ம் வருஷக் கடைசியில் குஜராத்தின் அலாங்குக்கு அனுப்பினார்கள். உள்ளே கல்நார். இரண்டு நாட்டிலும் எதிர்ப்பு. நம் உச்ச நீதிமன்றத்திலும் விசாரணை. 2006 பிப்ரவரியில் பிரெஞ்சு அதிபர் கப்பலைத் திரும்ப அழைத்துக்கொண்டார். கப்பலுக்குப் பேர் இருந்தது. அதனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேள்வி கேட்க முடிந்தது.

நண்பர்களே, நான் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான். கப்பல்காரனுக்கு இழப்பீடு கிடைப்பது அவன் நோய் பெரிது என்பதால் அல்ல. அவன் எங்கே, எப்போது, என்ன வேலை செய்தான் என்பதற்குக் கடுதாசி இருக்கிறது என்பதால்தான்! தூசி நோய் தாமதமாக வரும் நோய். தாமதமாக வரும் நோய்க்குச் சாட்சி சொல்ல மனுஷன் இருக்க மாட்டான், காகிதம்தான் இருக்கும்.

இதை நம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அகமதாபாத் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் போட்ட கல்நார்த் தொழிலாளர் வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று தீர்ப்பு வந்தது. தொழிலாளியின் உடல்நலமும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்றது நீதிமன்றம். நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதோடு விடவில்லை. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றது. நாற்பது வருஷம்! நீதிபதிகளுக்குத் தூசியின் குணம் புரிந்திருந்தது.

சட்டம் இருக்கிறது, வாசல் இல்லை

கல்தூசிக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் சிலிகோசிஸ், ஆஸ்பெஸ்டாசிஸ் இரண்டும் ஒரே வரியில் இருந்தன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொழில்நோய்ப் பட்டியல் இருக்கிறது. அப்புறம் ஏன் என் பெரியப்பாவுக்கு ஒரு பைசா கிடைக்காது?

முதல் காரணம், அவருக்கு முதலாளி இல்லை. இழப்பீட்டுச் சட்டம் வேலை கொடுத்தவன், வேலை செய்தவன் என்று இரண்டு பேரைத் தேடும். எங்கள் ஊரில் ஒருத்தர் மூன்று மாதம் ஒரு பட்டறையில் கூலிக்கு நிற்பார்; அடுத்த மூன்று மாதம் வேறொருத்தரிடம் காண்ட்ராக்ட்; நடுவில் சொந்தமாக ஒரு சிலை. முப்பது வருஷத்துத் தூசியை எந்தப் பட்டறைக்கு எவ்வளவு என்று பிரிப்பது? பட்டறைக்காரரும் பெரிய பணக்காரர் இல்லை. அவரும் அதே தூசியில்தான் நிற்கிறார், அவருக்கும் இருமல்.

இரண்டாவது, ஆள் கணக்கு. தொழிற்சாலை என்று சட்டம் சொல்வது இருபது, நாற்பது ஆள்களாவது வேலை செய்கிற இடத்தை. நாலு பேர் நிற்கிற ஓலைக் கொட்டகைக்கு இன்ஸ்பெக்டர் வர மாட்டார், ஈ.எஸ்.ஐ. வராது.

மூன்றாவது, நோய்க்கே பேர் வைக்காதது. காசநோய் என்று சீட்டில் எழுதிவிட்டால் அது கிருமியின் குற்றம். சிலிகோசிஸ் என்று எழுதினால் அது வேலையின் குற்றம். இரண்டு எழுத்துக்கும் நடுவில்தான் ஒரு குடும்பத்தின் வாழ்வே இருக்கிறது.

இந்த மூன்று பூட்டையும் திறக்க முடியுமா? முடியும் என்று காட்டிய இடம் இருக்கிறது.

ராஜஸ்தானில் சிரோகி மாவட்டத்தில் பிண்ட்வாரா என்று ஓர் ஊர். அதுவும் நம் மயிலாடி மாதிரி கோயில் கல் செதுக்குகிற ஊர்தான். அங்கேயும் இதே நோய். கல்குவாரித் தொழிலாளர்களும் சிற்பிகளும் தொடர்ந்து குரல் கொடுத்ததன் பலனாக, 2019 அக்டோபரில் அந்த மாநில அரசு தூசி நோய்க்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. நோய் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால் மூன்று லட்சம் ரூபாய். இறந்துபோனால் குடும்பத்துக்கு மேலும் இரண்டு லட்சம். மாத ஓய்வூதியம் தனி. முதலாளி யார் என்று நிரூபித்தால்தான் பணம் என்ற நிபந்தனை இல்லை. பணம் எங்கிருந்து? கனிமம் எடுப்பவர்கள் கட்டுகிற மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியிலிருந்தும் எடுக்கிறார்கள். 2015-ல் திருத்திய சுரங்கச் சட்டப்படி இந்த அறக்கட்டளை நாடு முழுவதற்கும் பொது. நம் மாவட்டத்திலும் கல் வெட்டுகிறார்கள், மணல் எடுக்கிறார்கள்.

இன்னொரு செய்தி. மத்தியப் பிரதேசத்து ஆதிவாசிகள் குஜராத்தில் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் அரைக்கிற ஆலைகளுக்குக் கூலிக்குப் போனார்கள். சில மாதம், சில வருஷ வேலையிலேயே நோய் வந்து ஊருக்குத் திரும்பிச் செத்தார்கள். அவர்களிடமும் சம்பளச் சீட்டு கிடையாது. நோயாளிகளும் அவர்களுக்கு ஆதரவானவர்களும் ஊர் ஊராகப் பட்டியல் எடுத்தார்கள்: யார், எந்த ஆலை, எந்த வருஷம். அந்தப் பட்டியல் மனித உரிமை ஆணையத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 2016-ல், இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று லட்சம் கொடுக்க குஜராத் அரசுக்கு உத்தரவு வந்தது. படிக்காத மக்கள் எழுதி வாங்கிய பட்டியல், மாநில அரசையே பதில் சொல்ல வைத்தது!

"தொழிலைக் கெடுக்காதடே!"

இதையெல்லாம் ஊரில் பேசினால் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "லே, நோய் நோய்னு நீ எழுதி வச்சா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எவன் புள்ளைய வேலைக்கு அனுப்புவான்? புவிசார் குறியீடு இப்பதான் கெடச்சிருக்கு. தொழிலைக் கெடுக்காதடே!" என்கிறார் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கல்லை நம்பித்தான் ஊரே சாப்பிடுகிறது. நான் இங்கே பீஸ் கட்டிப் படிப்பதும் கல்லில் வந்த காசுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தொழிலைக் கெடுப்பது நோயைச் சொல்கிறவனா, நோயா? அப்பனின் இருமலைக் கேட்டு வளர்கிற பையன் உளியைத் தொடுவானா? இப்போதே என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் சமையல்மேடைக்குப் போடுகிற செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர்களுக்குச் சிலிகோசிஸ் வந்தது. 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டார்கள். எங்கள் கருங்கல்லைத் தடை செய்ய யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். பாதுகாப்பாகச் செய்ய வழி இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால்தான் தொழில் தானே சாகும்.

"துண்டைக் கட்டிக்கிட்டா போதும்" என்கிறார்கள். போதாது. 5 மைக்ரான் தூசிக்குத் துண்டு ஒரு மீன் வலை. என்-95 போன்ற முகமூடி முகத்தோடு ஒட்டி இருந்தால் உதவும். ஆனால் பங்குனி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் எட்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு உளி பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். லீவில் பட்டறையில் நின்ற எனக்குத் தெரியும், பத்தே நிமிஷத்தில் கழற்றிவிட்டேன். ஆகவே முகமூடி கடைசிக் காவல். முதல் காவல், தூசியைப் பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது.

நாம் என்ன செய்யலாம்?

இங்கேதான் பாலிடெக்னிக் மாணவர்களாகிய நமக்கு வேலை இருக்கிறது. நாம் டாக்டர்கள் இல்லை, வக்கீல்கள் இல்லை. ஆனால் மிஷின் நமக்குத் தெரியும்.

ஒன்று, தண்ணீர். பிளேடு கல்லைத் தொடுகிற இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் தூசி பெருமளவு சேறாகிக் கீழே போய்விடும். "கரண்டு மிஷின்ல தண்ணி விட்டா ஷாக் அடிக்குமே" என்று பட்டறையில் பயப்படுகிறார்கள். சரியான பயம்! சாதாரணக் கை கிரைண்டரில் குழாயைக் கட்டி வைப்பது கொலைக்குச் சமம். ஈரத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த மிஷின், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., சரியான எர்த்திங் இவை வேண்டும். இல்லையென்றால் கம்ப்ரசர் காற்றில் ஓடும் கருவி; அதில் கரண்டு கைக்கே வராது. மின்னியல் துறை நண்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வந்து எத்தனை பட்டறையில் எர்த்திங் இருக்கிறது என்று பாருங்களேன்!

இரண்டு, உறிஞ்சி. நுண் வேலைப்பாட்டில் தண்ணீர் விட்டால் கோடு தெரியாது என்கிறார்கள் சிற்பிகள். அந்த இடத்துக்குக் கருவியின் பக்கத்திலேயே ஒரு வாய், ஒரு புளோயர், ஒரு சைக்ளோன், கடைசியில் ஒரு பில்டர். நம் இறுதியாண்டு புராஜெக்டுகளில் பாதி, கடையில் வாங்கி வந்து பெயிண்ட் அடித்தவை என்று நமக்கே தெரியும். ஒரு வருஷம் ஒரு குழுவாவது நாலு பேர் நிற்கும் பட்டறைக்கு ஏற்ற தூசி உறிஞ்சியைச் செய்து, அங்கேயே வைத்து ஓட்டிக் காட்டக் கூடாதா?

மூன்று, செலவே இல்லாத பழக்கங்கள். சேறு காய்வதற்குள் கழுவிவிடுவது. காய்ந்தால் மறுபடி தூசிதான். விளக்குமாற்றால் வறட்டுப் பெருக்கல் வேண்டாம். உடம்பில் ஒட்டிய பொடியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தட்டக் கூடாது. வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கக் கூடாது.

நான்கு, நான் ஆரம்பத்தில் சொன்ன கடுதாசி. கைவினைத் தொழிலாளர் நல வாரியத்தில் ஒவ்வொரு சிற்பியும் உறுப்பினராக வேண்டும். இ-ஷ்ரம் அட்டையில் தொழில் "கல் சிற்பம்" என்று சரியாக ஏற வேண்டும். "கூலி" என்று பொதுவாகப் போட்டுவிட்டால் நாளைக்கு அது சாட்சியாகாது. ஆனால் வாரிய அட்டை தொழிலைச் சொல்லும், நுரையீரலின் நிலையைச் சொல்லாது. ஆகவே அதோடு ஒரு தூசிப் பதிவேடும் வேண்டும்: எந்த வருஷம் உளி பிடித்தார், எந்த வருஷம் மிஷின், எந்தெந்தப் பட்டறை, எந்த வருஷம் எடுத்த எக்ஸ்ரே. விண்ணப்பம் நிரப்ப நமக்கு வரும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ரோட்டோரம் புல் வெட்டுவதற்குப் பதிலாக இதை எழுதிக் கொடுக்கலாமே!

அரசிடம் நாம் கேட்க வேண்டியது மூன்றே மூன்று. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தூசி நோய்க்கென்று வாரம் ஒரு நாள் தனிப் பிரிவும், சான்று கொடுக்க ஒரு மருத்துவக் குழுவும் வேண்டும். கல்வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் வேலையில் சேரும்போது ஓர் எக்ஸ்ரே, அதன்பின் குறித்த இடைவெளியில் மறுபடி, எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். ராஜஸ்தான் கொடுப்பது போல, முதலாளி யார் என்று கேட்காமல் சான்றின் பேரில் தமிழ்நாடும் இழப்பீடு கொடுக்க வேண்டும். கனிம அறக்கட்டளை நிதி அதற்குத்தான் உதவட்டும்.

ஒரு பழைய நோட்டு

போன முறை ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம், "எந்த வருஷம் எங்க வேல பாத்திய, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பெரியம்மாவிடம் பரணில் இருந்து ஒரு தகரப் பெட்டியை எடுக்கச் சொன்னார். உள்ளே அட்டை கிழிந்த ஒரு நாற்பது பக்க நோட்டு. பெரியப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் தான் செய்த ஒவ்வொரு சிலையையும் அதில் எழுதி வைத்திருந்தார். பிள்ளையார், இரண்டரை அடி, இன்ன ஊர், இன்ன மாதம். அம்மன், நாலு அடி. நந்தி, ஒன்று. எந்தப் பட்டறையில் வைத்துச் செய்தது என்பதும் ஓரத்தில் இருந்தது.

"எதுக்குப் பெரியப்பா எழுதி வச்சிய?"

"என்னைக்காவது அந்தக் கோயிலுக்குப் போனா இது நான் செஞ்சதுன்னு சாமிட்ட சொல்லணும்லா" என்றார்.

சாமிக்குக் காட்ட எழுதி வைத்த நோட்டு அது. இன்றைக்கு முப்பது வருஷத்துத் தூசிக்கு அவரிடம் இருக்கிற ஒரே சாட்சியும் அதுதான். நான் அதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தம்பிக்கு ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் அவன் மிஷின் பிடித்த தேதியை எழுதச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் அவன் எடுத்த முதல் எக்ஸ்ரேயின் தேதி இருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் எழுதினான். பரவாயில்லை, எழுதினான்.

நண்பர்களே! கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கிற வள்ளுவரை அண்ணாந்து பார்க்கிறோம், படம் எடுக்கிறோம். அடுத்த முறை பார்க்கும்போது, கல்லைச் செதுக்குகிற கைகளையும் அந்தக் கைகளுக்குப் பின்னால் இழுத்து இழுத்து விடுகிற மூச்சையும் ஒரு நிமிஷம் நினையுங்கள். கப்பல்காரனுக்குக் கிடைத்த நீதி கல்காரனுக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு முதல் படி ஒரு கடுதாசி. அதை எழுத நமக்குத் தெரியும். எழுதுவோம்!

– இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை.